யூசுபின் வழித்தோன்றல்கள்: ரஷ்யப் பிரபுக் குலம் ஒன்றின் வரலாறு

 

செய்தித்தாள்களில் கரீமோவ், அலியேவ், ரஹ்மானோவ் என்னும் பெயர்களை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அப்பெயர்களின் இறுதியில் நிற்கும் 'ஓவ்', 'யேவ்' என்னும் ஒட்டுகள் ரஷ்ய மொழிக்கு உரியவை. 'இன்னாருடைய வழியினர்' என்பது அவற்றின் பொருள். ஒட்டை நீக்கிவிட்டால் கரீம், அலீ, ரஹ்மான் என்று நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களே எஞ்சி நிற்கும். அவ்வாறே, ரஷ்யப் பேரரசின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்றாக விளங்கிய யூசுபோவ் குலத்தின் பெயரிலும் ஒரு யூசுப் இருக்கிறார். அவர் தொழுகையும் நோன்பும் உடைய ஒரு முஸ்லிம் ஆட்சியாளர். அவருடைய வழித்தோன்றல்கள் எவ்வாறு ரஷ்யக் கிறிஸ்தவப் பிரபுக்கள் ஆயினர் என்பதும், அவர்களோடு ஒரே ஊரில் வாழ்ந்த ஏனைய முஸ்லிம்கள் என்ன ஆயினர் என்பதும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

குலத்தின் வேர்

கி.பி. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், வோல்கா ஆற்றுக்கும் யாயிக் ஆற்றுக்கும் இடைப்பட்ட பரந்த புல்வெளியில் எதிகு என்னும் படைத்தலைவர் எழுச்சி பெற்றார். மங்கோலியர் நிறுவிய பொற்படை அரசு சிதையத் தொடங்கியிருந்த காலம் அது. மங்கித் குலத்தைச் சேர்ந்த எதிகு சில காலம் தைமூரின் பக்கம் நின்றார். 1399இல் வோர்ஸ்க்லா ஆற்றங்கரையில் லித்துவேனிய மன்னர் வித்தௌதாஸின் பெரும்படையை முறியடித்தார். 1408இல் மாஸ்கோ நகரையே முற்றுகையிட்டார். 1419இல் கொல்லப்பட்டார். தைமூரின் வரலாற்றை அரபு மொழியில் எழுதிய இப்னு அரப்ஷா இந்த எதிகுவைப் பற்றியும் தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

எதிகுவின் வழியினரே பின்னர் நோகாய் அரசின் தலைவர்கள் ஆயினர். தங்கள் குலம் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் வரை செல்கிறது என்று அவர்கள் சொல்லி வந்தனர். புல்வெளி அரசுகளில் செங்கிஸ்கானின் வழியில் வந்தவரே 'கான்' என்னும் பட்டத்துக்கு உரியவர். எதிகுவின் வழியினருக்கு அந்த உரிமை இல்லை. ஆதலால் அதற்கு நிகரான ஒரு சிறப்பை அவர்கள் மார்க்கப் பெரியாரின் வம்சத்தில் தேடினர் என்று கொள்வதே பொருத்தம். வம்சப் பட்டியல்கள் இவ்வாறு அரசியல் தேவைக்காக நீட்டப்படுவது எல்லா நாடுகளிலும் நிகழ்ந்ததே. உயர்வுக்கு அளவுகோல் இறையச்சமே என்று கற்ற நாம் அந்த உரிமைகோரலை அதன் அளவிலேயே வைத்துப் பார்ப்போம்.

யூசுபும் அவர் மகளும்

எதிகுவின் வழியில் வந்த மூசா மீர்சாவின் மகனே யூசுப் மீர்சா. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் நோகாய் அரசின் தலைமை அவர் கையில் இருந்தது. அவருடைய மகள் சுயும்பிகே. 1533இல் கஸான் நாட்டின் கானாகிய ஜான் அலீக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். 1535இல் அவர் கொல்லப்பட்டபின், அடுத்து ஆட்சிக்கு வந்த சஃபா கிராய் சுயும்பிகேயை மணந்தார். 1549இல் சஃபா கிராயும் இறந்தார். அப்போது மகன் உதமிஷ் கிராய்க்கு மூன்று வயதளவே. குழந்தையின் பெயரில் தாயே கஸானை ஆண்டார்.

அந்த ஆட்சி இரண்டே ஆண்டுகள் நீடித்தது. மாஸ்கோவின் நான்காம் இவான் 1551இல் கஸானுக்கு அருகே ஸ்வியாஷ்ஸ்க் என்னும் கோட்டையை எழுப்பினார். நெருக்கடிக்கு உள்ளான கஸான் பிரமுகர்கள், அரசியையும் சிறுவனையும் மாஸ்கோவிடம் ஒப்படைத்தனர். பகைவன் கேட்டதைக் கொடுத்துவிட்டால் நகரம் தப்பும் என்று அவர்கள் எண்ணினர் போலும். நகரம் தப்பவில்லை. 1552 அக்டோபரில் கஸான் வீழ்ந்தது. நகரைக் காக்கும் போரில் குல் ஷரீஃப் என்னும் இமாம் தம் மாணவர்களோடு உயிர் நீத்தார் என்று தத்தாரிய மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். அவர் பெயரால் கஸான் கோட்டைக்குள் மீண்டும் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் 2005இல் திறக்கப்பட்டது.

தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட உதமிஷ் கிராய்க்கு ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டு அலெக்ஸாந்தர் என்று பெயர் சூட்டப்பட்டது. இருபது வயதளவில், 1566இல் அவர் இறந்தார். சுயும்பிகே, மாஸ்கோவின் ஆதரவாளரான ஷா அலீக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். மகளையும் பேரனையும் விடுவிக்குமாறு யூசுப் மீர்சா மாஸ்கோவுக்குக் கடிதங்கள் அனுப்பினார், பயனில்லை.

சகோதரப் பகை

மகளுக்காக யூசுப் போர் தொடுக்க விரும்பினார். தடுத்தவர் அவருடைய உடன்பிறந்த தம்பி இஸ்மாயீல். யூசுபின் மக்கள் புகாராவோடு வணிகம் செய்தனர்; இஸ்மாயீலின் மக்களுக்கோ மாஸ்கோவே சந்தை. ஆண்டுதோறும் நோகாய் குதிரைகள் மந்தை மந்தையாக அங்கே விற்கப்பட்டன. துணியும் ஏனைய பொருள்களும் அங்கிருந்தே வந்தன. ஆகவே மாஸ்கோவைப் பகைப்பது தம் மக்களுக்கு அழிவு என்று இஸ்மாயீல் கருதினார். பகை முற்றியது. 1555ஆம் ஆண்டளவில் இஸ்மாயீலின் தரப்பினரால் யூசுப் கொல்லப்பட்டார். 1556இல் அஸ்த்ரகானும் மாஸ்கோவின் கைக்குச் சென்றது. நோகாய் அரசு பஞ்சத்தாலும் உட்பகையாலும் சிதறிப் பின்னர் எழுந்திருக்கவே இல்லை.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். கொல்லப்பட்ட யூசுபின் வழியில் யூசுபோவ் குலம் வந்தது. கொன்றவரின் மகன் உருஸ் என்பவரின் வழியில் உருஸோவ் என்னும் மற்றொரு ரஷ்யப் பிரபுக் குலம் வந்தது. அண்ணன் வழியும் தம்பி வழியும் இறுதியில் ஒரே அரசவையில், ஒரே மன்னருக்குப் பணிந்து நின்றன. யாருக்காக அந்த இரத்தம் சிந்தப்பட்டது என்று வரலாறு கேட்கிறது.

ரொமானோவ் ஊரில்

1560களில் யூசுபின் மைந்தர்கள் இல் மீர்சாவும் இப்ராஹீம் மீர்சாவும் மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டனர். நான்காம் இவான் அவர்களுக்கு வோல்கா ஆற்றங்கரையில் உள்ள ரொமானோவ் என்னும் ஊரையும் சுற்றியுள்ள நிலங்களையும் வழங்கினார். (பின்னாளைய ரொமானோவ் அரச வம்சத்துக்கும் இவ்வூர்ப் பெயருக்கும் தொடர்பில்லை.) மன்னர் அழைக்கும்போது குதிரைப்படையோடு செல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனை அப்போது இல்லை. ஆதலால் அவர்களும் அவர்களோடு வந்த தத்தாரியக் குடும்பங்களும் நூறாண்டுகளுக்கு மேலாக ரஷ்யாவின் நடுவே முஸ்லிம்களாகவே வாழ்ந்தனர்.

நிலைமை 1681இல் மாறியது. மன்னர் ஃபியோதர் ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவக் குடியானவர்கள் வாழும் பண்ணைகளை முஸ்லிம் மீர்சாக்கள் வைத்திருக்கக் கூடாது. ஞானஸ்நானம் பெறுவோருக்கு நிலமும் வெகுமதியும் உண்டு. மறுப்போரின் அத்தகைய பண்ணைகள் பறிக்கப்படும் என்பது அதன் சாரம். யூசுபின் கொள்ளுப்பேரன் அப்துல் மீர்சா அக்காலத்திலேயே மதம் மாறி, திமீத்ரி என்று பெயர் சூட்டிக்கொண்டார். யூசுபோவ் என்பது குலப்பெயராக நிலைத்தது.

இம்மாற்றம் குறித்து அக்குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது. தலைமைப் பாதிரியார் அப்துல் மீர்சாவின் விருந்தினராக வந்தாராம். அது கிறிஸ்தவர்களின் நோன்பு நாள், இறைச்சி விலக்கப்பட்டது. அதை அறியாத மீர்சா வாத்து இறைச்சியைப் பரிமாறினாராம். மீன் என்று கருதி உண்ட பாதிரியார் சுவையைப் புகழ, வாத்தையும் மீன் போலச் சமைக்க வல்லவர் தம் சமையற்காரர் என்று மீர்சா பெருமிதத்தோடு சொல்லிவிட்டாராம். செய்தி மன்னரை எட்ட, அவர் சினங்கொள்ள, மூன்று நாள் சிந்தித்துச் சொத்தைக் காக்க மீர்சா மதம் மாறினாராம். அன்றிரவே ஒரு குரல் தோன்றி, இனி ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே ஓர் ஆண்மகனே இருபத்தாறு வயதைத் தாண்டுவான் என்று சபித்ததாம்!

இக்கதையை நாம் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாத்துக் கதை உண்மையாயினும் கற்பனையாயினும், அதன் பின்னே நின்ற ஆணை உண்மை. நோன்பு நாளில் நடந்த ஒரு தவறு அல்ல, நிலமே அங்கு வினாவாக இருந்தது. சாபத்தையோ நாம் ஏற்பதற்கில்லை. பாட்டனார் செய்ததற்காகப் பிறவாத பேரனை இறைவன் தண்டிப்பான் என்பது நம் கொள்கைக்கு முற்றிலும் முரணானது. குழந்தைகள் பலர் இளமையிலேயே மாண்டுபோவது அந்நூற்றாண்டுகளில் அரண்மனையிலும் குடிசையிலும் ஒன்றுபோல் நிகழ்ந்ததுதான். ஆயினும் ஒன்று தெளிவாகிறது. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் தங்கள் மூதாதை செய்தது சரியா என்ற கேள்வி அக்குடும்பத்தின் உள்ளத்தில் அடங்கவில்லை. அந்த உறுத்தலே சாபக் கதையாக வடிவெடுத்தது என்பது நம் கருத்து.

அரசவையில் உயர்வு

அதன்பின் உயர்வுக்குத் தடையில்லை. திமீத்ரியின் மகன் கிரிகோரி (1676–1730) மகா பீட்டரின் நெருங்கிய துணைவர். அஸோவ், போல்தாவா ஆகிய போர்களில் பங்கேற்றுத் தளபதியானார். மாஸ்கோவிலுள்ள ஒரு மாளிகை 1727இல் அவருக்கு வழங்கப்பட்டது. கிரிகோரியின் மகன் போரிஸ் (1695–1759) பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டுக் கடற்படைக் கல்வி கற்றார். மாஸ்கோவின் ஆளுநராகவும் பணியாற்றினார்.

போரிஸின் மகன் நிக்கலாய் (1750–1831) காலத்தில் குலத்தின் புகழ் உச்சம் தொட்டது. அவர் தூதுவராக இத்தாலியில் பணிபுரிந்தார். பிரெஞ்சு அறிஞர் வால்டேரைச் சந்தித்தார். அரச நாடக அரங்குகளின் இயக்குநராகவும், உலகப் புகழ்பெற்ற ஹெர்மிதாஜ் அருங்காட்சியகத்தின் தலைவராகவும் இருந்தார். 1810இல் மாஸ்கோவுக்கு அருகில் அர்ஹாங்கெல்ஸ்கோயே என்னும் மாளிகையை வாங்கி, ஓவியங்களாலும் நூல்களாலும் நிரப்பினார். கவிஞர் புஷ்கின் 1830இல் அவரை முன்னிலைப்படுத்தி ஒரு கவிதை இயற்றினார். பாவெல், அலெக்ஸாந்தர், நிக்கலாய் ஆகிய மூன்று பேரரசர்களின் முடிசூட்டு விழாக்களை நடத்திவைத்த பொறுப்பும் அவருடையதே. அப்பேரரசர்களின் பட்டங்களுள் 'கஸானின் மன்னர்' என்பதும் ஒன்று. சுயும்பிகேயின் நாட்டைப் பறித்தவர்களின் மணிமுடிக்கு அவருடைய உடன்பிறந்தார் வழியினரே விழா எடுத்தனர்!

இச்சிறப்புகளின் அடித்தளம் பண்ணையடிமைகளின் உழைப்பு என்பதையும் மறைத்தல் தகாது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களை வாங்கவும் விற்கவும் பிரபுக்களுக்கு உரிமை இருந்தது. அம்முறை 1861இல்தான் ஒழிந்தது. அர்ஹாங்கெல்ஸ்கோயேயில் பாடியவர்களும் ஆடியவர்களும் கூட அடிமைகளே.

மறுத்தவர்களின் கதை

பிரபுக்களின் வரலாறு நூல்களில் இருக்கிறது. மறுத்தவர்களின் வரலாறு அரசு ஆணைகளின் ஓரங்களில் இருக்கிறது. அதையும் நாம் பார்ப்போம்.

1713இல் மகா பீட்டர் மீண்டும் ஆணையிட்டார். கிறிஸ்தவக் குடியானவர்களை வைத்திருக்கும் முஸ்லிம் நிலக்கிழார்கள் ஆறு மாதத்துக்குள் மதம் மாற வேண்டும். இல்லையேல் நிலம் பறிபோகும். பெரும்பாலோர் மாறவில்லை, நிலத்தை இழந்தனர். 1718இல் அவர்களில் பலர் கப்பல் கட்டும் மரங்களை வெட்டிச் சுமக்கும் கட்டாயப் பணியில் சேர்க்கப்பட்டனர். நேற்றுவரை குதிரையேறிப் போருக்குச் சென்ற மீர்சாக்கள் கோடரி ஏந்திக் காட்டுக்குச் சென்றனர். 1740களில் கஸான் வட்டாரத்தில் இருந்த 536 பள்ளிவாசல்களில் 418 இடிக்கப்பட்டன.

யூசுபோவ் குலம் முதலில் குடியேறிய ரொமானோவ் ஊரின் முஸ்லிம்களும் தப்பவில்லை. மதம் மாற மறுத்தவர்கள் 1760இல் பேரரசி எலிசவெத்தாவின் ஆணைப்படி அவ்வூரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வோல்காவின் கீழ்ப்போக்கில் உள்ள கொஸ்த்ரோமா நகரின் புறத்தே குடியமர்த்தப்பட்டனர். அங்கே அவர்கள் ஒரு தத்தாரியக் குடியிருப்பை அமைத்துத் தங்கள் தொழுகையை நிலைநாட்டினர். இரண்டு நூற்றாண்டுக்கு முன் ஒரே ஊரில் இறங்கிய மக்களில் ஒரு சாரார் பீட்டர்ஸ்பர்க் மாளிகைக்குச் சென்றனர். மற்றொரு சாரார் கொஸ்த்ரோமாவின் ஆற்றங்கரைக்குச் சென்றனர். முன்னவரின் உருவப்படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பின்னவரின் பெயர்களை யார் அறிவார்? அல்லாஹ் அறிவான்.

பேரரசி கத்தரீனாவின் காலத்தில் காற்று திசை மாறியது. 1773இல் எல்லா மதங்களுக்கும் சகிப்பு அறிவிக்கப்பட்டது. 1784இல் தத்தாரிய மீர்சாக்கள் முஸ்லிம்களாக இருந்தபடியே பிரபுக்கள் என்ற தகுதியைப் பெற வழி பிறந்தது. கிறிஸ்தவப் பண்ணையடிமைகளை வைத்திருக்கும் உரிமை மட்டும் கிட்டவில்லை. 1788இல் முஸ்லிம்களுக்கென முஃப்தியின் தலைமையில் ஒரு சபையும் அமைக்கப்பட்டது. தெவ்கெலேவ் என்னும் தத்தாரியப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த சலீம் கிராய் 1865 முதல் 1885 வரை அச்சபையின் முஃப்தியாகப் பணியாற்றினார். அதே குடும்பத்தின் குத்லு முஹம்மத், ரஷ்ய நாடாளுமன்றத்தில் முஸ்லிம் உறுப்பினர்களின் தலைவராக விளங்கினார். ஆகவே, மார்க்கத்தை விட்டால்தான் உயர்வு என்ற நிலை எக்காலத்துக்கும் உரியதன்று. சட்டம் செய்த நெருக்கடியைச் சட்டமே நீக்கியது. நெருக்கடியின் போது பொறுத்தவர்களின் பேரர்கள் இரண்டையும் பெற்றனர்.

இறுதித் தலைமுறை

யூசுபோவ் குலத்தின் ஆண்வழி 1891இல் இளைய நிக்கலாயோடு முடிந்தது. 1866–67இல் தம் குலத்தின் வரலாற்றை இரு பகுதிகளாக நூலாக்கி வெளியிட்டவர் அவரே. நோகாய் மூதாதையரை அவர் மறைக்கவில்லை, பெருமையோடு எழுதினார். அவருடைய ஒரே வாரிசு மகள் ஸினயீதா (1861–1939). பட்டம் அவருடைய கணவருக்கும் மைந்தருக்கும் செல்ல மன்னர் அனுமதித்தார். மூத்த மகன் 1908இல் இருபத்தைந்து வயதில் ஓர் இருவர் போரில் சுடப்பட்டு இறந்தான். இளையவர் ஃபெலிக்ஸ் (1887–1967), பேரரசர் இரண்டாம் நிக்கலாயின் உடன்பிறந்தாள் மகளை 1914இல் மணந்தார். பேரரசியிடம் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த ராஸ்புதின் என்பவன், 1916 டிசம்பரில் யூசுபோவ் மாளிகையில் கொல்லப்பட்டான். அச்சதியில் ஃபெலிக்ஸ் முன்னின்றார். பேரரசைக் காக்கவே செய்தோம் என்றனர். மூன்றே மாதத்தில் பேரரசு வீழ்ந்தது. 1919இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் அக்குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. எந்த நிலத்தைக் காக்க 1681இல் மார்க்கம் கைவிடப்பட்டதோ, அந்நிலம் முழுவதும் பறிபோயிற்று. ஃபெலிக்ஸ் பாரிஸில் இறந்தார்.

கிரிமியா தீபகற்பத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அங்குள்ள கொக்கோஸ் என்னும் தத்தாரியச் சிற்றூரில் யூசுபோவ் குடும்பத்தினர் 1908–1910 ஆண்டுகளில் தத்தாரியக் கட்டடப் பாணியில் ஒரு மாளிகை எழுப்பினர். கட்டடக் கலைஞர் கிரஸ்னோவ் அதை வடிவமைத்தார். அவ்வூர் முஸ்லிம்கள் தொழுவதற்கு ஒரு பள்ளிவாசலையும் கட்டிக் கொடுத்தனர். மூதாதையர் விட்டுவந்த வாசலைப் பேரர்கள் பிறருக்காகக் கட்டினர்.

1944 மே மாதம் 18ஆம் நாள், ஸ்டாலினின் ஆணைப்படி கிரிமியத் தத்தாரியர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். ஒன்பது மாதங்களுக்குப் பின், 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்கு வந்த ஸ்டாலின் தங்கியது, அதே கிரிமியாவில் கொரெயிஸ் என்னும் ஊரிலிருந்த யூசுபோவ் மாளிகையில்தான்!

நாம் பெறும் படிப்பினை

அப்துல் மீர்சாவை இகழ்வது நம் நோக்கமன்று. வாளும் ஆணையும் தலைக்குமேல் தொங்கும்போது ஒருவர் எடுக்கும் முடிவை, அச்சமின்றி வாழும் நாம் எளிதாக எடை போட்டுவிடலாகாது. அவருடைய உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். ஆனால் மூன்று செய்திகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளியார் ஆணை பிறப்பிக்கும் முன்பே அவர்களுக்குள் ஒற்றுமை குலைந்திருந்தது. கஸான் பிரமுகர்கள் தம் அரசியைக் கையளித்தனர். தம்பி தரப்பு அண்ணனைக் கொன்றது. இரண்டாவது, நிலம் ஒரு சோதனை. காப்பதற்காக எதை விடுகிறோமோ அது நிலத்தைவிட நீண்டநாள் நிற்கக்கூடியதா என்று பார்த்தே விட வேண்டும். மூன்றாவது, யூசுபின் கதை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஆவணங்கள். நோகாய்க் கடிதங்களை மாஸ்கோவின் அலுவலகம் பாதுகாத்தது. குல வரலாற்றை ஒரு பேரர் அச்சிட்டார். ரொமானோவிலிருந்து வெளியேற்றப்பட்ட எளியவர்களுக்கு அவ்வாறு எழுதிவைக்க ஒருவர் இல்லை. நம் ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடுகள், வக்ஃபு பத்திரங்கள், மதரஸா வருகைப் புத்தகங்கள் ஆகியவை வெறும் காகிதங்கள் அல்ல. பட்டம் பெறாதவர்களின் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. கறையான் அரிக்கும் முன் அவற்றைப் படியெடுத்துக் காப்பது நிர்வாகிகளின் கடமை மட்டுமன்று. வீட்டில் பழைய பத்திரம் வைத்திருக்கும் ஒவ்வோர் உறுப்பினரின் கடமையுமாகும்.

நமக்கும் நம் சந்ததிகளுக்கும் ஈமானோடு கூடிய வாழ்வையும், சோதனைக் காலத்தில் பொறுமையையும், வசதிக் காலத்தில் நன்றியுணர்வையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.